மூடுபனியில் ஈர்யா சமிதி

சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள் மாலை, நம் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் இளைஞர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். தொழிற்பயிற்சி முடித்து, ஒசூர்த் தொழிற்பேட்டையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இருசக்கர மோட்டார் வண்டி வாங்கப் பணம் சேரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மிதிவண்டியில்தான் அன்றாடம் வேலைக்குச் சென்று வருகிறார்.

"டீச்சரம்மா, காலையில அஞ்சே காலுக்குச் சைக்கிளை எடுக்கிறேன். பனியில முன்சக்கரத்துக்கு அந்தப்பக்கம் ஒண்ணும் தெரியறதில்லை. ஏரிக்கரை ஓரமாப் போறப்ப, சக்கரத்துக்கு அடியில ஏதோ நசுங்கற சத்தம் மட்டும் கேக்குது. நத்தையா, தவளையா, மரவட்டையா, எனக்குத் தெரியாது. தெரியாம செய்யறதும் பாவந்தானா?" என்றார்.

முப்பத்தேழு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பழகிய நமக்கு எவ்வினாவுக்கும் விடை நாவின் நுனியில் வந்து நிற்கும். அது ஆசிரியத் தொழிலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு குறை. அன்று மட்டும் விடை வரவில்லை. "சிந்தித்துச் சொல்கிறோம் தம்பி" என்று அனுப்பிவிட்டோம். சிந்திக்கத் தொடங்கியபோது, நாற்பது ஆண்டுகளாக நம் நெஞ்சின் அடியில் கிடந்த ஒரு நிகழ்ச்சி மேலெழுந்து வந்தது. இக்கட்டுரை அவ்விளைஞருக்கு நாம் அளிக்கும் விடை. நம் குற்றத்தை நாமே எடுத்துரைக்கும் பிரதிக்கிரமணமும் ஆகும்.

ஒசூர்க் குளிர்

தொண்டை மண்டலத்துச் சமவெளியில் வாழும் நம் அன்பர்களுக்கு ஒசூரின் குளிர் புதிதாகத் தோன்றலாம். இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். கிருட்டிணகிரியிலிருந்து சூளகிரி வழியாக வருபவர், சாலை சிறிது சிறிதாக ஏறுவதையும் காற்றின் சூடு தணிவதையும் உடலாலேயே உணர்வர். மார்கழி, தை மாதத்து இரவுகளில் வெப்பநிலை 12, 13 பாகை செல்சியசுக்கு இறங்குவதுண்டு. மேகமற்ற, காற்றசையாத இரவில் நிலம் தன் சூட்டை இழக்கும்போது, நிலத்தை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி நுண்திவலைகளாகி மிதக்கும். அதுவே மூடுபனி. கெலவரப்பள்ளி அணைப்பகுதியிலும் ஏரிகளின் ஓரங்களிலும் அது அடர்ந்து படியும். ஞாயிறு எழுவதற்கே ஆறரை மணிக்கு மேலாகிவிடும். பனி விலகச் சில நாட்களில் ஒன்பது மணியும் ஆகும். இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. பனியைக் கன்னடத்தார் 'மஞ்சு' என்பர். பழந்தமிழில் அச்சொல் மேகத்தைக் குறிக்கும். மார்கழிக் காலையில் இவ்வூர்ச் சாலையில் நிற்பவருக்கு அவ்விரு பொருளும் ஒன்றே என்பது விளங்கும்.

நாமும் இவ்வூரில் மிதிவண்டியில் பணிக்குச் சென்றவர்களே. நம் கணவருக்கு இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததால், 1982-ஆம் ஆண்டு இவ்வூருக்குக் குடிவந்தோம். அப்போது இது தருமபுரி மாவட்டம். கிருட்டிணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். நமக்கு வாய்த்தது, ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளி. காலையில் ஒரேயொரு பேருந்து. அதுவும் வந்தால்தான் உண்டு. ஆகவே முப்பது வயதைத் தாண்டியபின் கணவரிடம் மிதிவண்டி பழகினோம். பின்சக்கரத்தில் சேலை சிக்காதிருக்க வலை கட்டிக்கொண்டு புறப்பட்ட முதல் வாரத்தில், சாலையோரத் தேநீர்க் கடைகளில் பேச்சு நின்றுபோகும். பின்னாளில் 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அவர்களின் முயற்சியில், அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி பழகிய செய்தியைப் படித்தபோது நமக்குண்டான மகிழ்ச்சி பெரிது.

குளிர்காலப் பயணத்தில் இன்பமும் உண்டு. முதல் பத்து நிமிடம் விரல்கள் மரத்துப்போகும். காது வலிக்கும். மூக்குக் கண்ணாடியில் பனி படியும். பிறகு உடலின் சூடே போர்வையாகிவிடும். ரோஜாத் தோட்டங்களின் மணம், கூடையுடன் பூச்சந்தைக்கு விரையும் பெண்கள், எதிரே மங்கலாகத் தோன்றி மணியடித்துச் செல்லும் இரவுமுறைத் தொழிலாளர்கள், பனியைக் கிழித்துக்கொண்டு சிவந்தெழும் கதிரவன் என யாவும் நினைவில் நிற்பவை. நம் அறத்தின் கண்கொண்டு நோக்கினாலும் மிதிவண்டி மேலான ஊர்தியே. இல்லறத்தார் அகிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள், விலங்கின்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலும் ஒன்றன்றோ? மிதிவண்டிக்கு மாடும் வேண்டா, குதிரையும் வேண்டா, எண்ணெயும் வேண்டா. ஓட்டுபவரின் கால்களே அதன் விசை.

துன்பமும் அதே அளவில் உண்டு. நனைந்த இரும்பு வட்டில் பிரேக்குக் கட்டை வழுக்கும். ஈரமான டயரில் டைனமோ சரியாகச் சுழலாது. சுழன்றாலும், மெல்லச் சென்றால் விளக்கு மங்கும், நின்றால் அணையும். பனியில் அஞ்சி நிற்பவரைப் பின்னால் வரும் லாரிக்காரர் காண இயலாது. பெங்களூர் நெடுஞ்சாலையில், சூசூவாடி எல்லைவரை, அந்நாளில் இவ்வச்சம் இல்லாமல் சென்ற தொழிலாளி ஒருவரும் இல்லை. இன்று சாலை அகலமாகிவிட்டது. தொழிற்சாலைகளின் பேருந்துகள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் வந்துவிட்டன. ஆயினும் பேருந்து வாராத தெருக்களில் குடியிருப்போரும், பயிற்சித் தொழிலாளரும், துப்புரவுப் பணியாளரும் இன்னும் மிதிவண்டியில்தான் செல்கின்றனர்.

நான்கு முழப் பார்வை

இனி வினாவுக்கு வருவோம். நம் முனிவர்கள் ஏற்கும் ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. செல்லும் வழியை நான்கு முழ அளவு முன்னே நோக்கி, ஞாயிற்றின் ஒளியில், பிறர் நடந்து பழகிய பாதையில், உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் நடத்தல் என்பது அதன் பொருள். மழைக்காலத்தில் உயிரினங்கள் பெருகுவதால் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்கும் சாதுர்மாஸ்ய நெறியும் இக்கருணையிலிருந்து பிறந்ததே.

இவை மகாவிரதிகளுக்கு உரியவை. இல்லறத்தாருக்கு இவ்வளவு நுட்பம் விதிக்கப்படவில்லை. இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்த ஆன்றோர், கொல்லும் எண்ணத்துடன் செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தார் முற்றிலும் விடவேண்டும் என்றனர். வீட்டுப் பணியிலும் பிழைப்புத் தொழிலிலும் தவிர்க்கவியலாது நேர்வனவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேலைக்குச் செல்லும் வழியில் சக்கரத்தின்கீழ் நேர்வது உத்யோகி இம்சையின் பாற்படும். "ஆகவே கவலை வேண்டா தம்பி" என்று கூறி முடித்துவிட்டிருக்கலாம். ஆனால் 'இயன்றவரை' என்னும் சொல் நம்மை விடவில்லை. எதுவரை இயலும் என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை.

சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு முழம் என்பது ஏறத்தாழ ஆறடி. நடப்பவர் வினாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் செல்கிறார். ஆறடிக்கு அப்பால் ஓர் எறும்பு வரிசையைக் கண்டால் அவரால் காலை நிறுத்திக்கொள்ள இயலும். மிதிவண்டியில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் வினாடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் கடக்கிறார். கண் கண்டதைக் கை உணர்ந்து பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த நான்கு மீட்டர் போய்விடும். நனைந்த வட்டில் வண்டி நிற்க மேலும் சில மீட்டர் வேண்டும். மூடுபனியில் ஐந்து மீட்டருக்கு அப்பால் தெரியவில்லையென்றால், அவர் எதைக் காண்கிறாரோ அது அவருடைய சக்கரத்தின்கீழ் வந்துவிட்டது என்றே பொருள். கண் திறந்திருந்தும் கண்மூடிச் செல்பவர் அவர்.

முனிவருக்கு விதித்த நான்கு முழம் என்பது வெறும் நீட்டலளவு அன்று என்பது இதனால் விளங்கும். நடையின் வேகத்துக்குப் பொருந்திய பார்வையின் அளவு அது. பார்வை சுருங்கினால் வேகமும் சுருங்க வேண்டும். பார்வைக்குள் அடங்கிய வேகமே மிதிவண்டிக்காரரின் ஈர்யா சமிதி.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. அவ்வூறு பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால் நேர வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகிறார். பொன்னூர் மலையில் நாம் திருவடி தொழும் குந்தகுந்த ஆசாரியரின் நெறியும் அதுவே. மடிந்த உயிர்களின் எண்ணிக்கையைவிடச் செய்பவரின் கவனமே அங்கு அளவுகோல் ஆகிறது. இதிலிருந்து இரு முடிவுகள் கிடைக்கின்றன. கவனத்துடன் சென்றவரின் சக்கரத்தில் ஓர் உயிர் மடிந்தாலும் அவருடைய பிணிப்பு அற்பமே. கவனமின்றி விரைந்தவரின் சக்கரத்தில் ஒன்றும் மடியாவிட்டாலும் அவர் தம் ஆன்மாவுக்கே ஊறு செய்துகொண்டவர். 'தெரியாமல் செய்தேன்' என்பவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தெரியாது என்பது தெரிந்திருந்ததா? பனி இருப்பதை அறிந்தும் வேகத்தைக் குறைக்காதவரின் அறியாமை, அவரே விரும்பி ஏற்ற அறியாமை.

இவ்வளவில் எழுதி முடித்திருந்தால், மாடி அறை இளைஞரைக் குற்றவாளியாக்கிவிட்டு நாம் நிம்மதியாக உறங்கியிருப்போம். ஆனால் அவர் ஏன் விரைகிறார்? இவ்விடத்தில்தான் பழைய நிகழ்ச்சி குறுக்கிட்டது.

ஒரு மார்கழிக் காலை

1986-ஆம் ஆண்டு மார்கழி. அப்போது நாம் பணியாற்றிய பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் படித்தான். வீட்டில் தெலுங்கு பேசுபவன். தமிழ்ப் பாடத்தில் சற்றுத் தடுமாறுவான். கணக்கில் கெட்டிக்காரன். நான்கு கிலோமீட்டர் தொலைவிலிருந்து தந்தையின் பெரிய மிதிவண்டியில் வருவான். இருக்கைக்குக் கால் எட்டாததால், சட்டத்துக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டுவான். பின்னால் கேரியரில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கை அமர்ந்திருப்பாள்.

பள்ளியின் ஒழுங்குப் பொறுப்பு நம்முடையது. இறைவணக்கத்துக்குப்பின் வருபவர்கள் முதல் பாடவேளை முழுவதும் வெளியே நிற்க வேண்டும் என்பது நாம் வகுத்த விதி. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை நம் பள்ளியின் காலந்தவறாமையைப் பாராட்டிக் குறிப்பேட்டில் எழுதினார். அப்பக்கத்தை நாம் பலமுறை எடுத்துப் படித்ததுண்டு.

அன்று கடும்பனி. மணியடிக்கும் நேரத்தில் அவனும் தங்கையும் மூச்சிரைக்க வந்து வரிசையில் நின்றனர். அவனுடைய முழங்காலில் இரத்தம் வடிந்தது. அச்சிறுமி அழுதுகொண்டிருந்தாள். "விழுந்துட்டியா?" என்றதற்குத் தலையசைத்தான். நாம் அவனை முன்னே அழைத்து நிறுத்தி, "பாருங்கள், கீழே விழுந்தும் நேரத்துக்கு வந்துவிட்டான்" என்று பிள்ளைகள் அனைவரிடமும் புகழ்ந்தோம். கைதட்டச் சொன்னோம். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நண்பகலில் ஊரார் சிலர் வந்தனர். ஏரிக்கரைத் திருப்பத்தில், பூக்கூடை சுமந்து வந்த முதியவள் ஒருத்தியின்மேல் அவன் வண்டி மோதிவிட்டது. அவள் வலக்கை முறிந்து கரைச்சரிவில் கிடந்திருக்கிறாள். பனியில் எவர் கண்ணிலும் படாமல் அரைமணி நேரம் முனகிக்கொண்டிருந்தாளாம். நமக்குச் சினம் பொங்கியது. காலையில் புகழ்ந்த அதே இடத்தில் அவனை நிறுத்தி, "ஒரு கிழவியை அடித்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாயே, உனக்கு இரக்கம் இல்லையா?" என்று பிரம்பை எடுத்தோம். இரண்டு அடி விழுந்தபின் அவன் சொன்னான்: "திரும்பிப் பார்த்தேன் டீச்சர். மணி அடிச்சிடும்னு பயந்துட்டேன்."

பிரம்பு நம் கையிலேயே நின்றது. அச்சொல்லின் பொருள் நமக்கு அப்போதே விளங்கியது. ஆயினும் விளங்காததுபோல் நடந்துகொண்டோம். "போய் உட்கார்" என்று மட்டும் கூறினோம். ஆசிரியர்கள் சேர்ந்து முதியவளுக்குப் பணம் திரட்டியபோது பத்து ரூபாய் கொடுத்தோம். கடன் தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

கடன் தீர்ந்தது அவனுடைய தந்தைக்குத்தான், அதுவும் வேறு வகையில். எலும்பு கட்டிய வைத்தியருக்கும் முதியவளின் குடும்பத்துக்கும் ஈடு செய்ய அவர் அந்த மிதிவண்டியை விற்றுவிட்டார். பொங்கல் விடுமுறைக்குப்பின் அண்ணனும் தங்கையும் பள்ளிக்கு வரவில்லை. நான்கு கிலோமீட்டர் நடந்து வரச் சிறுமியால் இயலாது. அவளைத் தனியே விட்டுவர அவனுக்கு மனமில்லை என்றார்கள். பின்னர் அவன் செங்கற்சூளைக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை மிதித்துச் சென்றிருந்தால் அவ்வூரை அடைந்திருக்கலாம். நாம் செல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் இரு பெயர்களை அடித்தோம். அம்முதியவளின் கை கோணலாகவே கூடியது. அதன்பின் அவள் கூடை சுமக்கவில்லை.

செய்தலும் செய்வித்தலும்

நம் சமயம் வினையைக் கணக்கிடும் முறை கணக்காசிரியரையும் வியக்கவைப்பது. எண்ணுதல், அதற்கான ஏற்பாடு செய்தல், செயலைத் தொடங்குதல் எனும் மூன்று. மனம், மொழி, மெய் எனும் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதை உடன்பட்டு மகிழ்தல் எனும் மூன்று. கோபம், மானம், மாயை, லோபம் எனும் நான்கு. மூன்றை மூன்றால் பெருக்கி, மீண்டும் மூன்றால் பெருக்கி, நான்கால் பெருக்கினால் 108. செபமாலையின் 108 மணிகளுக்கு இதனைக் காரணமாகக் கூறுவது நம் மரபு.

நாம் நாள்தோறும் மாலையை உருட்டுபவர்களே. ஆயினும், அந்த மார்கழிக் காலையை இக்கணக்கில் வைத்துப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை. இப்போது வைத்துப் பார்க்கிறோம். மோதியவன் அச்சிறுவன். அது செய்தல். அவனுக்கிருந்த குற்றம் அச்சம் ஒன்றே. அவ்வச்சத்தை அவனுள் விதைத்து, பனியில் விரைய வைத்தது நம் விதி. அது செய்வித்தல். குருதி வடிய வந்து நின்றவனை முன்னிறுத்திக் கைதட்டச் செய்தது உடன்பட்டு மகிழ்தல். நம்மை இயக்கியது மானம், அதாவது குறிப்பேட்டில் எழுதப்பட்ட புகழ்ச்சியின்மேல் இருந்த செருக்கு. மூன்றில் ஒன்று அவனுடையது, இரண்டு நம்முடையவை. பிரம்படி மட்டும் அவனுக்குப் போயிற்று.

நாம் அம்முதியவளைப் பார்க்கவுமில்லை, தொடவுமில்லை. நாம் அமர்ந்திருந்த இடத்தில் பனியும் இல்லை. செய்வித்தலின் கொடுமை இதுதான். செய்பவனுக்காவது நசுங்கும் ஓசை கேட்கிறது. செய்விப்பவருக்கு அதுவும் கேட்பதில்லை.

மாடி அறை இளைஞரின் நிலையையும் இனி முழுமையாகக் காணலாம். ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். சில நிமிடம் தாமதமானால் அரைநாள் ஊதியம் போய்விடும். அவருடைய பிரமாதத்தின் ஒரு பகுதி வாயிற்கதவின் அருகே வைக்கப்பட்டிருக்கிறது. விலங்கின்மேல் மிகுபாரம் ஏற்றுதல், உணவைத் தடுத்தல் ஆகிய அதிசாரங்களை நாம் மாட்டையும் நாயையும் நினைத்தே படிக்கிறோம். அளவுக்கு மிஞ்சிய அவசரத்தை ஒரு மனிதரின்மேல் ஏற்றுவது மிகுபாரம் ஆகாதா? ஐந்து நிமிடத்துக்காக ஒரு வேளைச் சோற்றுக்குரிய கூலியைப் பிடிப்பது உணவைத் தடுத்தலின் பக்கத்தில் நிற்பதாகாதா?

இதற்கு மறுப்பும் உண்டு. காலந்தவறாமை இன்றித் தொழில் நடவாது. ஒருவர் வாராவிட்டால் இயந்திரம் நிற்கும். முந்தைய ஷிப்டில் இரவெல்லாம் உழைத்தவர் தம் இடத்துக்கு ஆள் வரும்வரை காத்திருக்க நேரும். பள்ளியிலும் ஒழுங்கு வேண்டும். இவை மெய்யே. ஒசூர் கைக்கடிகாரம் செய்யும் ஊர். நேரத்தின் அருமையை இவ்வூருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் வேண்டுவது நேரத்தைக் கைவிடுவதன்று. பனி பெய்யும் நாளும் பெய்யாத நாளும் ஒன்றே எனக் கருதும் விதி, கண்ணில்லாத விதி. முனிவருக்கு விதி வகுத்த நம் பெரியோரே கார்காலத்துக்கு வேறு விதி வகுத்தனர். பருவத்தை நோக்கிச் சட்டம் செய்வது தளர்ச்சியாகாது.

நாம் செய்யத்தக்கவை

மிதிவண்டியில் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். பனியில் விளக்கை நேரே உயர்த்திப் பிடித்தால், திவலைகளில் பட்டு ஒளி நம் கண்ணையே கூசச் செய்யும். விளக்கைத் தாழ்த்திச் சாலையில் விழச் செய்க. வண்டி நின்றாலும் எரியும் மின்கல விளக்கைப் பின்புறம் பொருத்துக. வெளிர்நிற மேலாடை அணிக. பிரேக்குக் கட்டைகளை மார்கழிக்கு முன்பே மாற்றுக. ஏரிக்கரையிலும் திருப்பங்களிலும் இறங்கித் தள்ளிச் செல்க. ஓரிரு நிமிடமே கூடுதலாகும். எவர்மீதாவது மோத நேர்ந்தால், எந்த மணி அடித்தாலும் நின்று திரும்பி நோக்குக.

இவையனைத்தும் செய்பவருக்குரியவை. செய்விப்போருக்குரியவற்றையே நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். நம் சமூகத்தில் இன்று ஆசிரியர்கள் பலர். மேற்பார்வையாளர்களும் அதிகாரிகளும் கடை உரிமையாளர்களும் உள்ளனர். பனிநாளில் கால்மணி நேரச் சலுகை தரும் அதிகாரம் உங்கள் கையில் இருக்குமானால், அதைக் கேட்கும்வரை காத்திராது தாருங்கள். தாமதமாக வந்த பிள்ளையைத் தண்டிக்குமுன் அவன் வந்த வழியைக் கேளுங்கள். வீட்டிலிருப்போரும் விதிவிலக்கல்லர். சிற்றுண்டியைத் தாமதமாகத் தந்துவிட்டு, "சீக்கிரம் போ" என்று வாசலில் நின்று கூவுவதும் செய்வித்தலே.

தமிழக அரசு, 2001-02-இல் பதினோராம் வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அனைவருக்கும் விரிவாக்கியது. நம் பழைய மாணவியர் சிலர் புதுவண்டியுடன் பள்ளி வாயிலுக்கு வந்து நமக்குக் காட்டிச் சென்றபோது, மகிழ்ச்சியோடு நெஞ்சில் முள்ளும் தைத்தது. ஒரு மிதிவண்டி இல்லாமற்போனதால் நின்றுபோன இரு பிள்ளைகளின் படிப்பு அன்று நினைவுக்கு வந்தது. பணி ஓய்வுக்குப்பின் அவ்வூருக்கு ஒருமுறை சென்றோம். அக்குடும்பம் எப்போதோ கர்நாடகப் பக்கம் பிழைக்கப் போய்விட்டதாகக் கூறினர். தசலட்சண விழாவின் முடிவில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும் க்ஷமாவணி நாளில், ஆண்டுதோறும் நாம் உற்றார் உறவினர் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். கேட்க வேண்டிய இருவரிடம் கேட்க இயலவில்லை. எங்கிருந்தாலும் இப்போது அவர்கள் ஐம்பது வயதை ஒட்டியிருப்பர்.

நம் விடையை மாடி அறை இளைஞரிடம் கூறினோம். பொறுமையுடன் கேட்டார். மறுநாள் கடும்பனி. ஏரிக்கரையில் இறங்கி வண்டியைத் தள்ளிச் சென்றார். எட்டு நிமிடம் தாமதம். அரைநாள் ஊதியம் பிடிக்கப்பட்டது. மாலையில் வந்து, "பரவாயில்லை டீச்சரம்மா" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் செய்த அறவுரைக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். மறுபடியும் நாம் செய்விப்பவராகவே இருந்துவிட்டோம். பணம் கொடுக்க முயன்றோம். அவர் வாங்கவில்லை.

அன்றிரவு யோசித்து ஒன்று செய்தோம். அவர் தாமே சமைத்து, உண்டு, பாத்திரம் கழுவிப் புறப்படவே ஐந்தேகால் ஆகிவிடுகிறது. நமக்கோ முதுமையில் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. மறுநாள் முதல் அவருக்குரிய காலை உணவை நாமே ஆக்கித் தூக்குப் பாத்திரத்தில் வைத்துவிடுகிறோம். இப்போது ஐந்து மணிக்கு அவர் புறப்படுகிறார். கால்மணி நேரம் கிடைத்தது. அது ஏரிக்கரையைத் தள்ளிக் கடக்கப் போதும். நம் உபதேசத்தைக் காட்டிலும் அவருடைய ஈர்யா சமிதிக்கு அதுவே பயன்பட்டது.

தை மாதக் கடைசியில் ஒருநாள், "இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறதா தம்பி?" என்று வினவினோம். "எப்பவாவது கேக்குது டீச்சரம்மா. கேட்டா இறங்கிப் பார்க்கிறேன்" என்றார்.

இறங்கிப் பார்ப்பதற்குரிய நேரம் அவருக்கு இருக்கிறது. நம் கையால் இயங்கும் பிறருக்கும் அந்நேரத்தை விட்டுவைக்கிறோமா என்பதை அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.